ஒம்பது முடிச்சு அரிசி

எங்க சர்ச்சு சபையோட ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி ஸ்டீபன் தம்பி வீட்டுக்கே வந்துட்டாரு. மலர்க் குழுவுக்குச் செயலாளர் அவருதான். கையில கோடு போட்ட பேப்பர், மேல தலைப்பையும் அவரே எழுதி வச்சிருந்தாரு: "புதியவர்களை வரவேற்பதில் நம் சபையின் பாரம்பரியம்". "அங்கிள், முப்பத்திநாலு வருஷம் கோயில்பிள்ளையா மணி அடிச்சு, கதவு தொறந்து இருந்திருக்கீங்க. அந்த வாசல்ல நின்னு எத்தனை பேரை வரவேத்திருப்பீங்க! ஒரு ரெண்டு பக்கம் போதும்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. குடிச்சுக்கிட்டிருந்த காப்பியைக் கீழ வச்சிட்டேன். வரவேத்தேனா, நானா? என் சம்சாரம் எஸ்தர் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்து, "எழுதுங்க, எழுதுங்க, உள்ளதை எழுதுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அவளுக்குத் தெரியும்.

சரி, எழுதுறேன். ஆனா ஒண்ணு தம்பி, வெட்டாம போடணும். ரெண்டு பக்கத்துல அடங்காது.

இப்ப ரிட்டயராகி வீட்டுல உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா வாசல்ல மேசை போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு, "வரவேற்புக் குழு"ன்னு பேட்ஜ் குத்திக்கிட்டு நாலு பேரு நிக்கிறாங்க. புதுசா வர்றவங்களுக்கு ஒரு ரோஜாப்பூ, ஆராதனை முடிஞ்சதும் டீ, பிஸ்கட்டு. நல்லதுதான், நான் குறை சொல்லல. என் காலத்துல புது மூஞ்சி தெரிஞ்சா ஒரே ஒரு கேள்விதான்: "யார் வீட்டு ஆளு?" இன்னார் வீட்டுக்கு வந்திருக்கேன், இன்னாரு எனக்குச் சித்தப்பான்னு பதில் வந்தா, "அட, உள்ள வாங்க"ன்னு ஃபேனுக்குக் கீழ இடம் போட்டுக் குடுப்போம். பதில் வரலைன்னா அவங்க கடைசி பெஞ்சு. எங்க ஊரு சின்ன ஊரு, நீடாமங்கலத்துலேர்ந்து பஸ்ல கால் மணி நேரம், சுத்திலும் வயலு. சபையில அறுபது குடும்பம், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில சொந்தம். யார் வீட்டு ஆளுமில்லாத ஆளு எங்க ஊருக்கு எதுக்கு வரப்போறாங்க? அப்படித்தான் நெனச்சிருந்தோம்.

நான் வேலைக்குச் சேந்தப்ப எனக்கு இருபத்தாறு வயசு. பழைய கோயில்பிள்ளை படுத்த படுக்கையாயிட்டாரு, ஒரே மாசத்துல எல்லாத்தையும் கத்துக்க வேண்டியதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை முதல் மணி ஆறு, ரெண்டாம் மணி ஆறரை, மூணாம் மணி ஏழு. மூணாம் மணியைப் போதகர் அங்கி போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் அடிக்கணும், அதுக்கு முன்னாடி கயித்துல கை வைக்கக்கூடாது. சாவு மணி வேற. ஒரு அடி, அந்த அதிர்வு காதுல முழுசா அடங்கினப்புறம் அடுத்த அடி. அவசரப்பட்டா ஊரு தீப்பிடிச்சிருச்சுன்னு ஓடி வரும். பதினோரு ஜன்னலைத் தொறக்கணும், வௌவால் எச்சத்தைச் சுரண்டணும், அந்தந்தக் காலத்துக்கு உள்ள கலர்ல பீடத்துக்குத் துணி மாத்தணும், பாட்டு நம்பரைப் பலகையில மாட்டணும். எரிஞ்சு மிச்சமான மெழுகுவத்தித் துண்டை எல்லாம் அங்கி அறையில இருந்த ஒரு பழைய தகரப் பெட்டியில போட்டு வைப்பேன், கரண்ட் போனா ஆகும்னு.

எனக்கு வாய்ச்ச போதகரைப் பத்திச் சொல்லணும். கடைசிப் பன்னெண்டு வருஷம் அவருகிட்டத்தான் வேலை பாத்தேன். ஒடிசலான மனுஷன், குரல் உசத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. சந்தோஷமா இருந்தா, "வாப்பா ஞானமுத்து"ம்பாரு. கோவம் வந்துட்டா குரல் இன்னும் இறங்கிடும், கண்ணாடியைக் கழட்டித் துடைப்பாரு, "வாங்க ஞானமுத்து"ம்பாரு. அந்த "ங்க" வந்துச்சுன்னா நான் என்ன தப்பு பண்ணேன்னு தேட ஆரம்பிச்சிடுவேன். சம்பளம் குடுக்குற இடத்துல மரியாதை கூடினா ஆபத்துன்னு அவருகிட்டத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு தடவை ஆராதனை முடிஞ்சு கேட்டைப் பூட்டாம டீக்கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பீடத்து மேல இருந்த பித்தளை மெழுகுவத்தித் தண்டு ஒண்ணு காணோம். அவரு என்னைக் கூப்பிட்டு, "ஞானமுத்து, அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"ன்னாரு. அவ்வளவுதான். மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல. அன்னையிலேர்ந்து எட்டரைக்கு ஆராதனை முடியும், ஒம்பதடிச்சா கேட்டுல பூட்டுத் தொங்கும். உள்ள பேசிக்கிட்டு நிக்கிறவங்களை விளக்குமாத்தோட பின்னாடியே போயி வெளிய தள்ளிடுவேன். "ஞானமுத்து இருக்குற வரைக்கும் ஒரு குண்டூசி போகாது"ன்னு மூப்பர் தானியேல் சொல்லுவாரு. சபைக் கமிட்டியில பெரியவரு, அவரு வாயால அதைக் கேக்க எனக்குப் பெருமையா இருக்கும். பைத்தியக்காரன்.

விஷயத்துக்கு வர்றேன். நான் ரிட்டயராவுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, பொங்கல் லீவுல வந்த ஞாயித்துக்கிழமை. ஆராதனைக்குக் கொஞ்சம் முன்னாடி கேட்டுக்கிட்ட ஏழெட்டுப் பேரு நின்னாங்க. பாத்தாலே தெரியுது, வடக்கத்தி ஆளுங்க. மெயின் ரோட்டுல இருக்குற அரிசி மில்லுல மூட்டை தூக்கவும் பாய்லர் பாக்கவும் அவங்கதான் இப்ப. முன்னாடி நின்ன பொம்பளை முதுகுல ஒரு கைப்பிள்ளையைத் துணியில கட்டியிருந்தா, கையில ஏதோ சின்ன மூட்டை, கட்டுச்சோறுன்னு நெனச்சேன். "யார் வீட்டு ஆளு?"ன்னேன். முழிச்சாங்க. வேலை கேட்டு வந்திருக்காங்க, இல்லைன்னா அன்னதானம்னு நெனச்சு வந்திருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டேன். "இங்க ஒண்ணும் இல்ல, வெளிய, வெளிய"ன்னு விளக்குமாத்தால கேட்டுக்கு வெளிய தரையைக் காட்டினேன். அந்தப் பொம்பளை நான் காட்டின இடத்தைக் குனிஞ்சு பாத்தா, அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தா, தலையை ஆட்டினா. போயிட்டாங்க. நானும் மறந்துட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கேட்டுக்கு வெளிய கூட்டப் போறேன், கம்பிக்குக் கீழ ஒரு முடிச்சு கெடக்கு. கிழிஞ்ச நீலத் துணி. செவப்பு நூல்ல சுத்திச் சுத்திக் கட்டியிருக்கு. விளக்குமாத்துக் குச்சியால நெம்பிப் பாத்தா, உள்ள அரிசி!

விளக்குமாத்தை அங்கயே போட்டுட்டேன். வாசப்படியில துணி முடிச்சு, செவப்பு நூலு, அரிசி. இது என்னன்னு எங்க ஊர்ல பச்சைப் புள்ளையைக் கேட்டாலும் சொல்லும். செய்வினை! விசுவாசிக்கு அதெல்லாம் பலிக்காதுன்னு முப்பது வருஷம் பிரசங்கம் கேட்டவன் நான், பிரசங்கம் பண்ணும்போது ஃபேன் போட்டவனும் நான்தான். ஆனாலும் அதைத் தொட மனசு வரல. ஒரு நீட்டுக் குச்சியை எடுத்து அதைத் தள்ளிக்கிட்டே போயி, கோயிலை ஒட்டி ஓடுற வாய்க்கால்ல தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுத்தான் சாப்பிட்டேன். எஸ்தர்கிட்ட சொன்னா, "எதுவா வேணா இருக்கட்டும்ங்க, அரிசியைப் போயி வாய்க்கால்ல போடுவாங்களா?"ன்னா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னு அவ மேல பாஞ்சேன்.

அடுத்த ஞாயிறும் ஒரு முடிச்சு. அதுக்கடுத்த ஞாயிறும். அதே நீலத் துணி, அதே நூலு, அதே இடம். நாலாவது வாரம் மணிக்கூண்டுப் படியில கால் பிசகி விழுந்தேன், முட்டி வீங்கிப் போச்சு. அப்புறம் கேக்கணுமா? மூப்பர் தானியேல்கிட்ட போயி ஒப்பிச்சேன். அவரு முகவாயைத் தடவிக்கிட்டு, "ஞானமுத்து, இது கோயிலுக்கு வச்சதில்ல. உனக்கு வச்சது. சாவி உன் கையிலதான இருக்கு?"ன்னாரு.

"போதகர் காதுல போடட்டுமா மூப்பரே?"

"அவருகிட்டயா? சிரிப்பாரு. நாம பாத்துக்கலாம்."

நாம பாத்துக்குறதுன்னா என்ன? சபை பூரா பரவிடுச்சு. அதுக்கும் நான்தான் காரணம், டீக்கடையில வச்சு நாலு பேருகிட்ட முட்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். பொம்பளைங்க பெரிய கேட்டைத் தாண்ட மாட்டேன்னு பக்கத்துச் சந்து கேட்டு வழியா வர ஆரம்பிச்சாங்க. வாரா வாரம் நான் குச்சியால தள்ளிக்கிட்டிருந்தேன். அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னாடியே ஆத்துல தண்ணியை நிறுத்திட்டாங்க, வாய்க்கால் காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு. அடிச்சுக்கிட்டுப் போகத் தண்ணி இல்ல. அதனால நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

ஒம்பது முடிச்சு ஆச்சு. பத்தாவது வாரம் குருத்தோலை ஞாயிறு.

அன்னைக்குச் சபையே ஓலையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போயி, தெருவைச் சுத்தி, ஆண்டவரே வாங்கன்னு பாடிக்கிட்டு பெரிய கேட்டு வழியா உள்ள வரணும். அதுதான் முறை. அந்த வருஷம் ஊர்வலம் சந்து கேட்டு வழியா வந்துச்சு. போதகர் ஓலையும் கையுமா நின்னு, "ஏம்ப்பா, ஏன் இந்த வழி?"ன்னாரு. "பெரிய கேட்டுக்கிட்ட ரோடு ஒரே குண்டும் குழியுமா இருக்குதுங்க ஐயா"ன்னு வாய் கூசாம பொய் சொன்னேன்.

ஒம்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிட்டு நான், மூப்பர் தானியேல், கமிட்டி ஆளுங்க ரெண்டு பேரு, நாலு பேரும் மதிலுக்குப் பின்னாடி பதுங்கி நின்னோம். இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிச்சுப் போலீசுக்குப் போன் பண்றதா ஏற்பாடு. என் கையில மூங்கில் குச்சி.

ஒம்பதே முக்கால் இருக்கும். மெயின் ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வரிசையா வந்தாங்க, அதே ஏழெட்டுப் பேரு. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு நேரா வர்றாங்க போல, தலைமுடி, புருவம் எல்லாம் தவிட்டுத் தூசி. கேட்டுக்கு வெளிய ரோட்டோரமாச் செருப்பைக் கழட்டி வரிசையா விட்டாங்க. முதுகுல பிள்ளையைக் கட்டியிருந்தவ இடுப்புலேர்ந்து அந்த நீல முடிச்சை எடுத்துக் குனிஞ்சா.

நான் பாஞ்சேன். "யாருடி நீ! யாரு உன்னை ஏவி விட்டது!"ன்னு கத்திக்கிட்டே கம்பி இடுக்கு வழியாக் குச்சியை விட்டு ஒரே அடி. அடி முடிச்சு மேல பட்டுச்சு, அவ கை மேலயும் பட்டுச்சு. நூல் அறுந்து அரிசி தார் ரோடு பூரா சிதறிப் போச்சு. பிள்ளை வீல்னு அழுவுது. அவ என்னைத் திட்டல, கையைக்கூடப் பாக்கல. முட்டி போட்டு, ரோட்டுல கெடந்த அரிசியை ஒண்ணு ஒண்ணாப் பொறுக்க ஆரம்பிச்சா.

அவ புருஷன் சட்டைக்குள்ள கையை விட்டான். கத்திதான்னு நெனச்சு மூப்பர் ரெண்டடி பின்னாடி போனாரு. அவன் எடுத்தது அட்டை கிழிஞ்ச ஒரு பாட்டுப் புத்தகம். எழுத்து இந்தி, மேல சிலுவை போட்டிருக்கு. அதைக் கம்பி இடுக்குல நீட்டிக்கிட்டு, பயத்துல குழறிக்கிட்டே பாட ஆரம்பிச்சான். மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. வார்த்தை ஒண்ணு புரியல. ஆனா மெட்டு எங்க மெட்டு! ஈஸ்டருக்கு முந்தின தபசு நாளு பூரா நாங்க பாடுற பாட்டோட மெட்டு, ஒரு இழுவை மாறல. அந்தப் பாட்டு நம்பரை அன்னைக்குக் காலையிலதான் பலகையில நானே மாட்டியிருந்தேன்.

என் கையிலேர்ந்து குச்சி விழுந்துடுச்சு.

சத்தம் கேட்டுப் போதகர் வீட்டுலேர்ந்து ஓடி வந்தாரு. ரோட்டைப் பாத்தாரு, அந்தப் பொம்பளையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. செமினரியில படிக்கும்போது வடக்கத்தி ஆளு ஒருத்தர் அவரோட ரூம்ல இருந்தாராம், அந்தப் பழக்கத்துல கொஞ்சம் இந்தி வரும். கேட்டைத் தொறக்கச் சொல்லி வெளிய போயி, ரோட்டுலயே குத்துக்கால் போட்டு உக்காந்து அவங்களோட பேசினாரு.

புருஷன் பேரு பிரபு சகாய். அவ பேரு சலோமி. மூப்பர் வீட்டம்மா பேரும் சலோமிதான்! மூப்பர் மூஞ்சியைப் பாக்கணுமே. ஜார்க்கண்டுல மலைக்காட்டு ஊரு. நாலு தலைமுறையா நம்ம மாதிரியே சபை, நம்ம மாதிரியே ஆராதனை.

"அப்ப இந்த அரிசி எதுக்குங்க ஐயா?"ன்னு கேட்டேன்.

போதகர் கண்ணாடியைக் கழட்டினாரு. "தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்குன்னு தனியா எடுத்து வைப்பாங்களாம். ஞாயித்துக்கிழமை கோயில்ல குடுப்பாங்களாம். இது காணிக்கைங்க, ஞானமுத்து."

அந்த "ங்க". நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்.

"பொங்கலப்ப வந்தாங்களாம். ஒரு பெரியவரு, காணிக்கையைக் கேட்டுக்கு வெளிய தரையில வச்சிட்டுப் போகணும்னு விளக்குமாத்தால காட்டினாராம். இந்த ஊரு வழக்கம் அப்படித்தான் போலன்னு அதுபடியே வச்சிக்கிட்டு வர்றாங்க. ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள பூட்டிடுறதால வெளியவே ஜெபம் பண்ணிட்டுப் போறாங்க. ஒவ்வொரு வாரமும் வந்து பாத்தா போன வாரத்து முடிச்சு இருக்காதாம். அதுல ரொம்ப சந்தோஷமாம், கோயில்ல எடுத்துக்கிட்டாங்க, நம்மளை ஏத்துக்கிட்டாங்கன்னு." கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு, போட்டுக்கவே இல்ல. "அந்த ஒம்பது வாரத்து அரிசியும் எங்கங்க?"

அடக் கடவுளே! கீழ அந்தச் செவப்பு நூல் அறுந்து கெடந்துச்சு. அப்பத்தான் அதைப் பாக்குறேன், கண்ணால பாக்குறேன். அரிசி மூட்டை வாய் தைக்கிற நூலு. நெல்லு வெளையிற ஊர்ல பொறந்து, எத்தனை மூட்டையில அந்த நூலைப் பிரிச்சிருப்பேன்! பயந்தவன் கண்ணுக்கு அது தெரியல.

"இன்னொண்ணும் சொல்றாங்க"ன்னாரு போதகர். அந்தக் கைப்பிள்ளை மார்கழியில மில்லு கொட்டகையில பொறந்தது. பொம்பளைப் பிள்ளை. இதுக்கு முன்னாடி ஒரு பிள்ளை பொறந்து, ஞானஸ்நானம் குடுக்குறதுக்குள்ள இறந்து போச்சாம், பேர்கூட வைக்காமப் புதைச்சாளாம். இந்தப் பிள்ளைக்கும் ரெண்டு தடவை ஜுரம் வந்துடுச்சு. புதன்கிழமை கான்ட்ராக்டர் இவங்களை நேரா ஆந்திராவுல வேற மில்லுக்கு அனுப்புறான். அங்க கோயில் எங்க இருக்கோ, சொந்த ஊருக்கு எப்ப போவாங்களோ. இன்னைக்கே ஞானஸ்நானம் குடுக்க முடியுமான்னு கேக்குறாங்க. சாட்சியா நிக்க, பிள்ளையைக் கையில வாங்க, சபையிலேர்ந்து ஆள் வேணும். "அவங்களுக்கு இந்தச் சபையில தெரிஞ்சது ஒருத்தரைத்தானாம். பொங்கலப்ப வழி காட்டி, அரிசியை எடுத்து உள்ள வைக்கிறவரை. இன்னைக்கு அடிச்சதும், வைக்கிற முறையில இவங்க ஏதோ தப்பு பண்ணிட்டதாலன்னு நெனக்கிறாங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சலோமியும் பாத்தா. அவ புறங்கையில என் குச்சி பட்ட தடம் செவந்து தடிச்சிருந்துச்சு.

"நான் நிக்கக்கூடாதுங்க ஐயா"ன்னேன்.

"உண்மையைச் சொல்லிட்டு நில்லுங்க. சொல்ல முடியலைன்னா விலகிக்குங்க. சொல்லாம மட்டும் நிக்காதீங்க."

எனக்கு இந்தி தெரியாது. வாங்கன்னு கையைக் காட்டி வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு மாசம் நான் திரும்பிப் பாக்காத இடம். வெடிச்ச சேத்துல ஒம்பது நீலத் துணியும் கெடந்துச்சு. எலி கடிச்சது, மைனா கொத்தினது, ஒண்ணுலயும் அரிசி இல்ல. எல்லாம் ஒரே புடவையிலேர்ந்து கிழிச்ச துணி. குச்சியை எடுத்து எப்படித் தள்ளினேன்னு செஞ்சு காட்டினேன். நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிரபு சகாய் வாய்க்காலை எட்டிப் பாத்துட்டு ஏதோ சொன்னான். "குருவி தின்னுருக்கும், பரவால்லன்னு சொல்றாரு"ன்னாரு போதகர். சலோமி வாய்க்காலுக்குள்ள இறங்கினா. ஒம்பது துணியையும் பொறுக்கி உதறி மடிச்சா. ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"எல்லாமேவான்னு கேக்குறாங்க."

"எல்லாமே"ன்னேன்.

அவ மடிச்ச துணியை இடுப்புல செருகிக்கிட்டா. அப்புறம் கரைக்கு ஏறி வந்து முதுகுல இருந்த துணியை அவுத்து, பிள்ளையை என் கையில குடுத்தா. ரெண்டு பெத்து வளத்தவன், அன்னைக்குப் பிள்ளையை எப்படிப் பிடிக்கணும்னு தெரியல.

மூப்பர் தானியேல் மட்டும் ஒத்துக்கல. "ஐயா, அவங்க சபையிலேர்ந்து கடுதாசி வேணும். ரெஜிஸ்டர்ல யார் வீட்டு ஆளுன்னு எழுதுறது? கடுதாசி இல்லாமக் குடுத்தா நாளைக்கு மேலிடத்துல கேள்வி வரும்."

"என் வீடுன்னு எழுதுங்க மூப்பரே"ன்னேன். அதுவரைக்கும் அவரை எதுத்து நான் ஒரு வார்த்தை பேசினதில்ல.

போதகர் கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு. "மூணாம் மணி அடிப்பா."

பிள்ளையை, சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த எஸ்தர்கிட்ட குடுத்துட்டு, பதினொரு மணிக்கு, வேளை கெட்ட வேளையில மணி அடிச்சேன். என்ன யோசனையிலயோ சாவு மணி மாதிரி நிறுத்தி நிறுத்தி அடிச்சிருக்கேன், "யாரு போயிட்டா? யாரு போயிட்டா?"ன்னு சபை பூரா அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துச்சு. "யாரும் சாகல, உள்ள வாங்க"ன்னு சொல்லி, பெரிய கேட்டு வழியா எல்லாரையும் விட்டேன். வடக்கத்தி ஆளுங்க முன் பெஞ்சுல இருந்ததைப் பாத்து, ரெண்டு பொம்பளைங்க பிள்ளைகளை இழுத்துக்கிட்டுப் பின்னாடி போனாங்க. நான் கிளப்பி விட்ட பயம்தான். நான் பீடத்துக்கு முன்னாடி போயி நின்னு, டீக்கடையில சொன்னது பூரா பொய்யி, நான் செஞ்சது இதுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். பெஞ்சுலேர்ந்து ஒரு பொம்பளை, "ஐயோ, அரிசியையா!"ன்னு கத்தினது கேட்டுச்சு.

ரோட்டுல பொறுக்கின அரிசியைச் சலோமி முந்தானையில வச்சிருந்தா. அதைப் போட ஒரு ஏனம் கொண்டு வரச் சொன்னாரு போதகர். அங்கி அறைக்குள்ள ஓடி, கைக்குக் கிடைச்ச தகரப் பெட்டியை எடுத்து மெழுகுவத்தித் துண்டைத் தரையில கொட்டினேன். பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தப்பத்தான் பாத்தேன். பச்சை பெயிண்டு மேல, அழுக்குக்கு அடியில, வெள்ளை எழுத்து: "பிடி அரிசிக் காணிக்கை".

எங்கம்மா தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடுவாங்க. ஞாயித்துக்கிழமை அதை என் தலையில வச்சுத்தான் கோயிலுக்கு அனுப்புவாங்க. இந்தப் பெட்டியிலதான் நான் கொட்டியிருக்கேன். எனக்கு எப்படி மறந்து போச்சு? எழுபது எண்பது பேரு வாய்க்கு வாய் செய்வினை, செய்வினைன்னு பேசினோமே, அதுல ஒருத்தருக்குக்கூட ஞாபகம் வரலியே!

நானும் எஸ்தரும் சாட்சியா நின்னோம். பிள்ளைக்கு என்ன பேருன்னு போதகர் கேட்டாரு. "ரூத்"ன்னா சலோமி. அவரு தண்ணியைக் கையில மொண்டுக்கிட்டு, "வேதத்துல அந்நிய ஊர் வயல்ல கதிர் பொறுக்கின பொண்ணு பேரு"ன்னு எங்களைப் பாத்துச் சொல்லிட்டுத்தான் பிள்ளை தலையில ஊத்தினாரு.

புதன்கிழமை காலையில நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு நானும் எஸ்தரும் வழியனுப்பப் போனோம். எஸ்தர் புளிசாதம் கட்டிக் குடுத்தா, பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கியிருந்தா. ரயில் வர்ற நேரம் சலோமி இடுப்புலேர்ந்து ஒரு முடிச்சை எடுத்தா. வாய்க்கால்ல பொறுக்கின அதே நீலத் துணி. துவைச்சிருந்தா, ஆனாலும் ஓரத்துல சேத்துக் கறை போகல. அதே செவப்பு நூலு. மூணு விரலைக் காட்டினா: திங்கள், செவ்வாய், புதன். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க இருப்பாளோ, அந்த மூணு நாளு பிடியை முன்னாடியே குடுக்குறா.

நான் சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவ குனிஞ்சா. முடிச்சை என் காலடியில, பிளாட்பாரத்துத் தரையில வைக்கப் போனா. பழக்கம். நான் பழக்கி விட்ட பழக்கம், ஸ்டீபன் தம்பி.

எனக்கு உசுரே போயிடுச்சு. "வேணாம்மா, வேணாம்மா, கீழ வைக்காத!"ன்னு ஸ்டேஷனே திரும்பிப் பாக்குற மாதிரி கத்திக்கிட்டு, முட்டி வலியைக்கூடப் பாக்காம அங்கயே மண்டி போட்டு ரெண்டு கையையும் நீட்டினேன். அவ திடுக்கிட்டு என்னைப் பாத்தா. அப்புறம் முடிச்சை என் கையில வச்சா. ஒம்பது வாரமாக் குச்சியால தள்ளின அரிசியை அன்னைக்குத்தான் கையால வாங்கினேன். அவ இடுப்புச் சூடு அதுல இன்னும் இருந்துச்சு.